அட்டையில் இருப்பவர் பால்தோர் அல்லர்

கேள்வி: கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வேலை பார்க்கும் என் மகள், தான் குடியிருக்கும் வீட்டில் பழைய ஸ்பானிய இயற்கணிதப் புத்தகம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அட்டையில் தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் ஒருவரின் படம். "இவர்தான் பால்தோர், எங்கள் எல்லோரையும் அழவைத்தவர்" என்று வீட்டுக்காரர் சொன்னாராம். பால்தோர் அரபு நாட்டவரா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அல்லர் அம்மா. அட்டையில் இருப்பவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழித்தலாக நிற்கும் உறுப்பை மறுபக்கத்தில் கூட்டலாக ஆக்குகிறோமே, அந்தச் செயலுக்கு அவர் வழங்கிய 'அல் ஜபர்' என்ற பெயரே பிற்காலத்தில் அல்ஜீப்ரா ஆயிற்று. ஆகவே இயற்கணித நூலின் அட்டையில் அவர் இடம்பெற்றது பொருத்தம்தான். ஆனால் அதே அட்டையில் பால்தோர் என்ற பெயரும் பெரிதாக இருப்பதால், லத்தீன் அமெரிக்க மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இருவரையும் ஒருவர் என்றே நினைத்துவிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்காக வாங்க வேண்டிய திட்டையெல்லாம் பாவம், பாக்தாத்காரர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நூலை எழுதிய அவுரேலியோ பால்தோர் 1906 அக்டோபர் 22 அன்று கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்தவர். சட்டமும் படித்து வழக்கறிஞரானார் என்றாலும், அவருடைய தொழிலாக அமைந்தது ஆசிரியப் பணியே. ஹவானாவின் வெதாதோ பகுதியில் தம் பெயரிலேயே ஒரு பள்ளியை நிறுவி நடத்தினார். அதன் உச்சக் காலத்தில் சுமார் 3,500 மாணவர்கள் படித்தார்கள்; அவர்களை அழைத்துவர 32 பேருந்துகள் ஓடின. இயற்கணித நூல் 1941இல் வெளிவந்தது. எண்கணிதத்துக்கும் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அவ்வளவு பெரிய பள்ளியை வைத்திருந்தவர் ஏன் நாட்டை விட்டுப் போனார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 1959 ஜனவரியில் கியூபப் புரட்சி வென்றது. வசதி படைத்தோரின் தனியார் பள்ளிகளைப் புதிய அரசு ஐயத்தோடு பார்த்தது. பால்தோரைக் கைதுசெய்யும் எண்ணம் இருந்ததாகவும், ஆசிரியராக அவர்மீது மதிப்பு வைத்திருந்த புரட்சித் தளபதி கமிலோ சியென்ஃபுவேகோஸ் அதைத் தடுத்ததாகவும் பால்தோரின் மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தத் தளபதியோ 1959 அக்டோபர் இறுதியில் விமானத்தோடு கடற்பகுதியில் காணாமற்போனார். 1960 ஜூலை 19 அன்று பால்தோர் குடும்பத்தோடு புறப்பட்டார். அவருக்கு ஏழு பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கியூபாவின் தனியார் பள்ளிகள் அனைத்தும் அரசுடைமையாயின.

மெக்சிகோவில் சில நாட்கள், பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், அதன்பின் நியூயார்க்கின் புரூக்ளின் என்று குடும்பம் இடம் மாறியது. ஹவானாவில் ஒரு பெரும் பள்ளிக்கே தலைவராக இருந்தவர், ஐம்பது வயதைக் கடந்தபின், நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் பல ஆசிரியர்களுள் ஒருவராகக் கணிதம் கற்பித்தார். ஊர் திரும்பும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை. 1978 ஏப்ரல் 2 அன்று மயாமியில் காலமானார்.

கேள்வி: அவர் கண்டுபிடித்த தேற்றம் எது? அந்தப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்?
– கணித ஆசிரியர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: அவர் பெயரில் தேற்றம் எதுவும் இல்லை ஐயா. அவருடைய திறமை, மாணவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பதை அறிந்து அந்த இடத்துக்கு முன்பாகவே ஒரு படி கட்டிவைப்பதில் இருந்தது. நூலில் மொத்தம் 5,790 பயிற்சிக் கணக்குகள் உள்ளன. விடைகள் நூலின் கடைசியில் இருக்கின்றன; ஆசிரியர் வாய்க்காத ஊரிலும் ஒருவர் தாமாகவே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த நூல் அத்தனை நாடுகளில் பரவியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

காரணிப்படுத்துதலை, அதாவது ஒரு கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்து எழுதுவதை, அவர் பத்து வகைகளாகப் பிரித்து எண் கொடுத்தார். ஆறாம் வகையில் எக்ஸ் வர்க்கத்தின் கெழு, அதாவது அதைப் பெருக்கும் எண், 1. எக்ஸ் வர்க்கம் கூட்டல் 5எக்ஸ் கூட்டல் 6 என்றால், கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்களைத் தேடினால் போதும்: 2, 3. ஏழாம் வகையில்தான் சிக்கல். கெழு 1 அன்று. 6எக்ஸ் வர்க்கம் கழித்தல் 7எக்ஸ் கழித்தல் 3 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். நாம் பெரும்பாலும் நடு உறுப்பை இரண்டாகப் பிளக்கச் சொல்லித்தருகிறோம். பால்தோர் கோவை முழுவதையும் 6ஆல் பெருக்குகிறார். இப்போது முதல் உறுப்பு 6எக்ஸின் வர்க்கமாகிவிடுகிறது. நடு உறுப்பு 6எக்ஸின் கழித்தல் 7 மடங்காக நிற்கிறது. கடைசி உறுப்பு கழித்தல் 18 ஆகிறது. 6எக்ஸை ஒரே பொருளாகப் பாவித்தால் இதுவும் பழைய ஆறாம் வகைதான்! கூட்டினால் கழித்தல் 7, பெருக்கினால் கழித்தல் 18 தரும் எண்கள் கழித்தல் 9உம் 2உம். காரணிகள் 6எக்ஸ் கழித்தல் 9, 6எக்ஸ் கூட்டல் 2. முதலில் பெருக்கிய 6ஐ, முன்னதில் 3, பின்னதில் 2 என வகுத்து நீக்கினால், 2எக்ஸ் கழித்தல் 3, 3எக்ஸ் கூட்டல் 1 என்று விடை வந்துவிடுகிறது. புதிய கணக்கு, தெரிந்த கணக்கின் வேடத்தில் வருவதால் மாணவனுக்கு அச்சம் எழுவதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த கணக்குகள் வரிசையாக வரும்போது கை பழகுகிறதே தவிர, ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. எந்த வகை என்று தலைப்பிலேயே எழுதியிருந்தால் மாணவன் யோசிக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது. பத்து வகைகளையும் கலந்து, தலைப்பில்லாமல் தரும் பயிற்சியையும் அவர் பின்னால் வைத்திருக்கிறார். வகுப்பில் நேரமில்லை என்று தாண்டிவிடாமல், நான் அதையே முதலில் போடச் சொல்வேன்.

கேள்வி: அந்த நூலில் நம் நாட்டவர் யாராவது உண்டா?
– ஒரு மாணவி, சேலம்

பதில்: உண்டு. அத்தியாயங்களின் முகப்பில் கணித வரலாற்றுப் படங்களும் சிறு குறிப்புகளும் இருக்கும். அவற்றுள் ஒன்று இந்தியக் கணிதத்தைப் பற்றியது. ஆரியபட்டர், பிரம்மகுப்தர், பாஸ்கரர் ஆகிய மூவரின் பெயர்களும் அதில் வருகின்றன.