வாசகர் கேள்வி-பதில்: கடற்கரை ஊரில் ஓய்வுக்காலம்

கடலோர ஓய்வு நகரங்களில் வீடு பற்றியும் வயது பற்றியும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்தச் சிக்கல் எந்தக் கடற்கரைக்கும் பொதுவானதுதான்.

கேள்வி: எனக்கு 63, மனைவிக்கு 60. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஓய்வுபெற்றவர்கள் அதிகம் குடியேறியிருக்கும் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வீடு பார்த்து வைத்திருக்கிறோம். நல்ல காற்று, இரைச்சல் இல்லை, பேசிப் பழக எங்கள் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இத்தனை வருடம் வேலைக்காக ஓடிய பிறகு கடலைப் பார்த்து உட்கார நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் ஒன்று, நீங்கள் அந்த வீட்டை 63 வயதில் பார்த்திருக்கிறீர்கள், அதில் இருக்கப்போவது 80 வயதிலும். வாசலில் எத்தனை படி, படுக்கையறையும் குளியலறையும் கீழேயே இருக்கிறதா, கண் மங்கி கார் ஓட்ட முடியாமல் போனால் மருந்துக் கடைக்கு எப்படிப் போவீர்கள் என்றெல்லாம் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1987-இல் யூஜின் லிட்வாக், சார்லஸ் லோங்கினோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஓய்வுக்குப் பிந்தைய இடப்பெயர்வை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் உடம்பு நன்றாக இருக்கும்போது நல்ல காற்று, நல்ல காட்சி தேடிப் போவது. அடுத்தது உடம்பு தளர்ந்து தினசரி வேலைக்கே துணை தேவைப்படும்போது, பெரும்பாலும் கணவனையோ மனைவியையோ இழந்த பிறகு, பிள்ளைகள் பக்கத்தில் போவது. கடைசியாக, வீட்டில் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் பராமரிப்பு இல்லத்துக்குப் போவது. எல்லோரும் மூன்றையும் செய்வார்கள் என்றில்லை. ஆனால் வீடு வாங்குகிற பலர் முதலாவதை மட்டும் நினைத்து, கையிலிருக்கும் சேமிப்பை எல்லாம் அதில் போட்டுவிடுகிறார்கள். பதினைந்து வருடம் கழித்து அந்த வீட்டை விற்றால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும் என்ற நிலை வருகிறது. உங்கள் பிள்ளைகள் பயப்படுவதும் அநேகமாக இதற்குத்தான், அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் 'வேண்டாம்' என்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள், முக்கியமாக சீசன் முடிந்து கடைகள் பாதி மூடிக் கிடக்கும் மாதங்களில். அங்கே இருக்கும் டாக்டர் புதிதாக நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறாரா, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் யாராவது கிடைத்தால், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று விசாரியுங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறார் என்றால் அந்த ஊரின் நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும். பெரும்பாலான தம்பதிகளில் கடைசியில் தனியாக இருக்கப்போவது மனைவிதான், எனவே இந்த வீட்டைப் பற்றி உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் கருத்து ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: நான் அப்படி ஓர் ஊரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், வயது 29. ஊருக்குள் எனக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, தொலைவிலிருந்து வந்து போகிறேன். மாலையில் திரும்பும்போது தெருத்தெருவாக விளக்கெரியாத வீடுகளைப் பார்க்கிறேன். மனசு கொதிக்கிறது. இதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாதா?

பதில்: முன் கடிதத்துக்குப் பதில் எழுதி முடித்த கையோடு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். உங்கள் கோபம் நியாயமானது.

இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-இல் கடலோர ஊர்களின் சுகாதாரம் பற்றியே தனியாக ஓர் ஆண்டறிக்கை வெளியிட்டார். அங்கே முதியவர்களும் நோயும் அதிகம், ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மூத்த மருத்துவர்கள் 15 சதவீதமும் நர்ஸ்கள் 7.4 சதவீதமும் குறைவு என்றது அந்த அறிக்கை. தேவை எங்கே அதிகமோ அங்கே ஆள் குறைவு. இதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், வேலை கிடைத்தும் வீடு கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களைப் பற்றி இந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் வீடுகளை வாங்கிப் பூட்டி வைப்பதைத் தடுக்க, சில ஊர்கள் ஏதாவது செய்துதான் பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீட்டில் யாராவது நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. 2022-இல் விட்பி என்ற ஊரில் நடந்த வாக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் இதே விதி வேண்டும் என்றார்கள், ஆனால் அந்த வாக்கெடுப்புக்குச் சட்ட பலம் கிடையாது. செயின்ட் ஐவ்ஸில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். விதி புது வீட்டுக்கு மட்டும்தானே, விடுமுறை வீடு தேடியவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பிவிட்டார்கள், கட்டுகிறவர்களுக்கும் அங்கே ஆர்வம் குறைந்துவிட்டது என்று பின்னால் ஆராய்ந்த பொருளியலாளர்கள் எழுதினார்கள். ஒரு கதவை மட்டும் அடைத்தால் போதாது.

இன்னொரு வழி வரி. வேல்ஸில் 2023 ஏப்ரலிலிருந்து, ஒருவர் தான் வசிக்கும் வீட்டைத் தவிர வைத்திருக்கும் இரண்டாம் வீடுகளுக்கும் நெடுநாள் காலியாகக் கிடக்கும் வீடுகளுக்கும் வழக்கமான உள்ளாட்சி வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்தது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு இரட்டிப்பு வரி போடலாம். ஜப்பானின் அடாமி இதில் எல்லோருக்கும் மூத்தது, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன அந்தக் கடற்கரை நகரத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அங்கே 1976-லிருந்தே விடுமுறை வீடுகளுக்கென்று தனி வரி இருக்கிறது. இந்தப் பணம் வாடகை வீடு கட்டப் போகிறதா, பொதுக் கணக்கில் கரைகிறதா என்பதில்தான் பலன் இருக்கிறது. வரியைக் கட்டிவிட்டு வீட்டைப் பூட்டியே வைத்திருக்க வசதியுள்ளவர்கள் நிறைய பேர் உண்டு.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது சமூக நில அறக்கட்டளை முறை. நிலம் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கும், குடியிருப்பவர் வீட்டை மட்டும் வாங்குவார், விற்கும்போது முன்பே ஒப்புக்கொண்ட விலைக்குள்தான் விற்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள லோபெஸ் தீவில் 1989-இல் இப்படி ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வெளியாட்கள் வாங்கி வாங்கி விலை ஏறியதில் தீவிலேயே வேலை செய்கிறவர்களுக்கு வீடு எட்டாமல் போனதுதான் காரணம். வேகமான வழி அல்ல, ஆனால் ஒரு முறை அப்படிக் காப்பாற்றிய வீடு அடுத்த நர்ஸுக்கும் அதே மாதிரி கிடைக்கும். உங்கள் ஊரில் இதை யாரும் தொடங்கவில்லை என்றால், நீங்கள் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலிருந்தே தொடங்குங்கள். அந்த முதியவர்களில் ஓய்வுபெற்ற வக்கீல்களும் பொறியாளர்களும் கணக்காளர்களும் இருப்பார்கள், ஓர் அறக்கட்டளைக்குத் தேவையான ஆட்களும் இவர்கள்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் இல்லையாம். ஆனால் பார்க்கிற பக்கமெல்லாம் புது வீடு எழும்புகிறது. மக்கள்தொகையும் அப்படியேதான் இருக்கிறது என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே?

பதில்: இடிக்கவில்லை. ஆயிரம் பேர் வீட்டுக்கு நான்கு பேராக இருந்தால் 250 வீடு போதும். அதே ஆயிரம் பேர் வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று, சராசரி 1.7 பேராக இருந்தால் 590 வீடு வேண்டும். தலை எண்ணிக்கை மாறாமலே வீட்டுத் தேவை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் பிறப்பை விட இறப்பு அதிகம், அந்தக் குறையை வெளியிலிருந்து 60 வயதில் வந்து சேருகிறவர்கள் நிரப்புகிறார்கள். 20 வயதில் வெளியே போனவர்கள் திரும்புவதில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், உள்ளே ஆட்களே மாறியிருப்பார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு உதாரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள குவாலிகம் பீச்சில், 2016 கணக்கெடுப்பின்படி பாதிக்கும் மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். இங்கிலாந்தின் கடலோர மாவட்டமான வடக்கு நார்ஃபோக்கில், 2021 கணக்கெடுப்பில் நடு வயது 54, அதாவது பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் கீழ். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து அதுதான் மிக அதிகம். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸில் அது 30. அப்புறம், விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் பொதுவாக வேறோர் ஊரின் கணக்கில் இருப்பார்கள். அதனால் உங்கள் ஊரின் மக்கள்தொகையையும் வீடுகளின் எண்ணிக்கையையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: கடலைப் பார்த்த மாதிரி, முப்பது வருடப் பழைய அடுக்குமாடியில் ஒரு பிளாட் மலிவாக வருகிறது. ஓய்வுக்காலத்துக்கு வாங்கலாமா?

பதில்: மலிவாக வருவதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்த பிறகு வாங்குங்கள்.

உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தையும் கார் நிறுத்துமிடத்தின் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல், பழுப்புக் கறை, செதில் செதிலாகப் பெயர்ந்த பூச்சு இவற்றில் எது இருந்தாலும், புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும், கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடியச் சரிவு இல்லை, கீழே இருக்கும் கான்கிரீட் பழுதாகியிருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பழுது பார்க்கச் சுமார் 1.5 கோடி டாலரை உரிமையாளர்களிடமிருந்து திரட்ட முடிவானது 2021-இல்தான். இடிந்ததற்கு ஒரே காரணம் என்று எதையும் நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அடுத்த வருடமே புளோரிடா சட்டம் கொண்டுவந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு 30 வருடத்துக்குள் கட்டாயச் சோதனை என்றது, பழுதுக்கென்று ஒதுக்கும் நிதியைச் சேர்க்காமல் விடுவதற்கும் தடை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பல வருடம் சேர்க்காமல் விட்ட பணத்தை ஒரேயடியாகக் கட்டச் சொன்னபோது ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் திணறினார்கள், பலர் பிளாட்டை விற்கப் பார்த்தார்கள்.

எனவே குடியிருப்போர் சங்கத்தின் கடைசி ஐந்து வருடக் கூட்டக் குறிப்புகளையும் பராமரிப்பு நிதிக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரே பழுதை வருடா வருடம் தள்ளிவைத்திருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். கொடுக்க மறுத்தால் வேறு பிளாட் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. எங்களைப் போன்றவர்களால்தான் ஊர் கெட்டது, விலை ஏறியது என்று பேசுகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்கியது குற்றமா?

பதில்: இல்லை ஐயா. நீங்கள் வருடம் முழுவதும் அங்கே வாழ்கிறீர்கள், கடைக்குப் போகிறீர்கள், வாசகசாலைக்கோ மருத்துவமனைக்கோ தொண்டு செய்யவும் போகிறீர்களாக இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டையும் உங்களையும் ஒரே கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். ஊருக்குள் வாடகைக் குடியிருப்போ சின்ன வீடுகளோ கட்டத் திட்டம் வரும்போது, கூட்டத்தில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்தான், ஏனென்றால் பகல் நேரக் கூட்டத்துக்கு வர அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. காட்சி மறையும், நெரிசல் கூடும், ஊரின் அழகு போகும் என்கிறார்கள். கடையில் வேலை செய்கிற பெண்ணும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள், அவர்கள் பக்கம் பேச அங்கே ஆள் இருக்காது. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போய் அந்தத் திட்டம் வேண்டும் என்று பேசுங்கள். ஒரே தளத்தில், படியில்லாமல், கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் சின்ன வீடுகள் வந்தால் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் உங்கள் நண்பர்களுக்கும் பயன்படும், அவர்கள் விட்டுப்போகும் வீடு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும். கூட்டம் மாலையிலும் நடக்க வேண்டும் என்று ஒரு மனுவும் கொடுத்துவிட்டு வாருங்கள்.