“சும்மா சொல்கிறான்” என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. மூன்று மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. நகம் கடிக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று பொய் சொல்கிறான், ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. ஆடியில் மாமனார் தவறிவிட்டதால் பள்ளியில் கொண்டுவிட ஆளில்லாமல் வேன் வைத்துவிட்டோம். தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடவும் இப்போது போவதில்லை. போன வாரம் திட்டியபோது “நான் இல்லைன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க” என்றான். டிவியைப் பார்த்துச் சும்மா சொல்கிறான் என்கிறார் கணவர். இணையத்தில் ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு) என்று வந்தது. பூச்சி மருந்து, ஞாபகசக்தி டானிக் எல்லாம் கொடுத்தாயிற்று. தூங்குவதற்குச் சளி சிரப் கொடுக்கிறேன். நாங்கள் இருவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆகிவிட்டானா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: “நான் இல்லைன்னா” என்று சொன்னானே, அதற்கு முதலில் வருகிறேன்.

இப்படிச் சொல்கிற பிள்ளைகள் எல்லோரும் விபரீதமாக எதையும் செய்துவிடுவதில்லை. கோபத்தில் சொல்லிவிட்டு மறப்பவர்களும் உண்டு. ஆனால் விளையாட்டை விட்டுவிட்ட, தூக்கம் கெட்ட, பள்ளிக்குப் போக மனமில்லாத ஒரு பையன் சொல்லும்போது நான் அதைச் சும்மா என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். டிவியில் கேட்டதாகவே இருக்கட்டும். எத்தனையோ வசனம் கேட்கிறான், இதை மட்டும் ஏன் எடுத்து வைத்துக்கொண்டான்?

இன்றே அவனைத் தனியாக உட்கார வைத்து, திட்டாமல், நேராகக் கேளுங்கள்: “அன்னிக்கு ‘நான் இல்லைன்னா’ன்னு சொன்னியே கண்ணு, செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்று பல பிள்ளைகளுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். “ஆமா” என்றாலோ, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தாலோ, தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். “இல்லை” என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். அதுவரை மனம் பதறினால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி சேவை இருக்கிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டிலுள்ள மாத்திரைகள், எலி மருந்து, பூச்சிக்கொல்லி எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மற்றவை அவ்வளவு பெரிதில்லை. நகம் கடிப்பதும் வீட்டுப்பாடப் பொய்யும் இந்த வயதில் சகஜம். ஏ.டி.எச்.டி. என்றால் வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது, குறைந்தது ஆறு மாதமாவது தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்புவரை ஒழுங்காக இருந்த பிள்ளைக்கு ஆடிக்குப் பிறகு திடீரென்று அது முளைக்காது. அந்த டெஸ்டைப் போட்டால் எனக்கே வரும். ஞாபகசக்தி டானிக்கில் போவது உங்கள் காசு மட்டும்தான். சளி சிரப்பை மட்டும் இன்றிரவே நிறுத்துங்கள். சளியே இல்லாத பிள்ளைக்குத் தூக்கத்துக்காக அதை ஊற்றச் சொன்னது யார்? மறுநாள் மந்தமாக இருப்பான். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பு கூடும்.

வயிற்றுவலி நடிப்பு இல்லை. மனசு கலங்கினால் குடலும் கலங்கும், வலி நிஜமாகவே வலிக்கும். தொப்புளைச் சுற்றி வலித்து, பள்ளி இல்லாத நாளில் வராவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. நடுராத்திரி வலியில் எழுந்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ குழந்தை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்டது. வேலைக்குப் போவதால் ஒரு பிள்ளையின் மனசு கெட்டுவிடாது. அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் படம்பிடித்துப் பார்த்தார். நல்ல தாய்களுக்கேகூட மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் குழந்தையோடு இசைவு இருந்தது. மீதி நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்வதுமாகத்தான் போனது. இங்கிலாந்தில் உளவியலாளர் எலிசபெத் மைன்ஸ் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வையும் சொல்கிறேன். ஆறு மாதக் குழந்தையோடு விளையாடும்போது அதன் மனசில் ஓடுவதைப் பொருத்தமாகச் சொல்லிப் பேசிய தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்பு, அதாவது அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கை, அதிகம் தெரிந்தது. பொருத்தமாக என்பது முக்கியம். பந்தைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தையை “தூக்கம் வந்துடுச்சு இவனுக்கு” என்று தூளியில் போடுவது புரிதலில் சேராது.

உங்கள் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. அப்பா “சும்மா” என்று முடிவுகட்டிவிட்டார், நீங்கள் “ஏ.டி.எச்.டி.” என்று முடிவுகட்டிவிட்டீர்கள். பையனை யாரும் கேட்கவில்லை. பிள்ளையின் மனசு தெரியாத பெற்றோரைவிட, தெரியும் என்று அடித்துச் சொல்கிற பெற்றோரிடம்தான் பிள்ளைகள் சீக்கிரம் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம்தான். மாமனார் இறந்ததை வேன் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். தினமும் பள்ளியில் கொண்டுவிட்ட தாத்தா அவர். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று தெரியும். ஆனால் அழுவதற்குப் பதில் எரிந்து விழுவான், வயிறு வலிக்கிறது என்பான். தன்னால்தான் தாத்தா போய்விட்டார் என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. அல்லது காரணம் வேனிலேயே இருக்கலாம். பெரிய பையன்கள் யாராவது அடிக்கிறார்களா என்று பாருங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் விசாரியுங்கள்.

அவனிடம் “தாத்தா போனதுல இருந்து உனக்கு ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கலையோன்னு எனக்குத் தோணுது. நான் நினைக்கிறது சரியா சாமி?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “ஒண்ணுமில்ல” என்பான். சரி என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வண்டியில் போகும்போதோ தலை துவட்டும்போதோ மறுபடி பேச்சைத் தொடங்குங்கள். “இல்லம்மா, அது இல்ல” என்று உங்களைத் திருத்தினால் சந்தோஷப்படுங்கள். பேச ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

மருத்துவரிடம் போகும்போது கணவரும் வரட்டும். ஊசி போட மாட்டார்கள், பேசத்தான் போகிறோம் என்று பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.