பிரான்ஸ் வாழ்க்கையும் விடுமுறைப் பயணங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணவரின் வேலை காரணமாக லியோன் நகருக்குக் குடிவந்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தெற்கே போகலாம் என்று பார்த்தால் ரயில் கட்டணம் மலைக்க வைக்கிறது. இங்குள்ளவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?
– வாசகி, லியோன்

பதில்: அவர்கள் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் அட்டவணையையே திறப்பார்கள். நாடு ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குளிர்கால, வசந்தகால விடுமுறைகள் மண்டலத்துக்கு 2 வாரம் என்ற கணக்கில் முன்பின்னாக விடப்படுகின்றன. உங்கள் லியோன் ஏ மண்டலத்திலும், மார்செய், நீஸ் ஆகியவை பி மண்டலத்திலும், பாரிஸ், துலூஸ் ஆகியவை சி மண்டலத்திலும் வருகின்றன. ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் எல்லோரும் ஒரே நாளில் நெருக்கியடிக்கக் கூடாது, அங்குள்ள பனிச்சறுக்கு ஊர்களுக்கும் பல வாரங்கள் தொடர்ந்து ஆள் வர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். இரண்டு மண்டலங்களின் விடுமுறை ஒன்றன்மேல் ஒன்று விழும் வாரத்தைத் தவிர்த்து மற்ற வாரத்தில் கிளம்பினாலே செலவு குறைய வாய்ப்புண்டு. கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகள் நாடு முழுவதற்கும் ஒன்றாக வருவதால் அப்போது இந்த உபாயம் பலிக்காது.

அடுத்தது, சனிக்கிழமையைத் தவிருங்கள். விடுமுறைக் காலத்தில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றே விடப்படுவதால், ஒரு கூட்டம் வெளியேறும் அதே நாளில் இன்னொரு கூட்டம் கிளம்புகிறது. காரில் செல்வதானால் ‘பிசோன் ஃபுத்தே’ என்ற அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் கறுப்பு நிறமிட்ட நாளில் லியோனிலிருந்து மார்செய்க்கு இறங்கும் ஏ7 நெடுஞ்சாலைப் பக்கமே போகாதிருப்பது நல்லது. ரயிலுக்கு, ஆண்டுக்கு 49 யூரோ விலையுள்ள ‘கார்த் அவான்தாஜ்’ சலுகை அட்டையை வாங்கினால் 30 சதவீதமும், உடன் வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஆனால் பெரியவர்களுக்கான அட்டையில் வார இறுதியை ஒட்டிய பயணம் என்ற நிபந்தனை உண்டு. உங்கள் தேதிகள் அதற்குள் அடங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

கணவரின் விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 5 வாரச் சம்பள விடுப்பு 1982 முதல் சட்டப்படியான உரிமை. யார் எப்போது போவது என்று முதலாளி வரிசை வகுக்கும்போது குடும்பச் சூழலையும் கருத வேண்டும் என்று சட்டம் சொல்வதால், புதிதாக வந்தவர் என்று அவர் தயங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். வெளியூர் போனால் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கதியா?
– வாசகர், நந்த்

பதில்: இல்லை, ஆனால் ஊருக்கு ஊர் தேடிச் சாப்பிட வேண்டும். நீஸ் நகரின் ‘சோக்கா’ கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றால் மட்டுமே ஆனது. சூடாக மிளகுத்தூள் தூவிக் கொடுக்கும்போது நம் அடையின் ஒன்றுவிட்ட தங்கை என்றே தோன்றும். மார்செய்ப் பக்கம் அதே மாவைக் காய்ச்சி உறையவைத்துப் பொரித்தால் ‘பனிஸ்’. நீங்கள் இருக்கும் நந்திலிருந்து பிரெத்தாஞ் பக்கம் போனால் கோதுமைக்குப் பதிலாகப் பக்வீட் என்ற தானிய மாவில் வார்க்கும் ‘கலெத்’ கிடைக்கும். அதில் பாலாடைக்கட்டியும் காளானும் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். எச்சரிக்கை தேவைப்படுவது சூப்பிலும் பருப்பிலும்தான். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு இறைச்சியுடையதாக இருக்கலாம். பருப்பிலும் சாலடிலும் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பது மிகச் சாதாரணம். கண்டிப்பான சைவர்கள் பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பை நொதி சேர்வதையும் அறிந்திருக்க வேண்டும். சிற்றூர் உணவகங்களில் மதியச் சமையல் 12 முதல் 2 மணி வரைதான். 3 மணிக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் காப்பிதான் வரும். சமையலறையோடு கூடிய ‘ஜீத்’ வாடகை வீட்டை எடுத்து, காலைச் சந்தையில் காய் வாங்கிச் சமைப்பதையே நான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: பாரிஸில் படிக்கும் 22 வயது மாணவன் நான். கையில் காசில்லை, ஊர் சுற்ற வழி உண்டா?
– வாசகர், பாரிஸ்

பதில்: தாராளமாக. வகுப்புக்குப் போக வைத்திருக்கும் நவிகோ பயண அட்டை பாரிஸ் வட்டாரத்தின் எல்லாக் கட்டண மண்டலங்களுக்குமானது என்றால், அதே அட்டையில் யுனெஸ்கோ பட்டியலிலுள்ள ப்ரொவேன் கோட்டை நகருக்கும், ஃபோந்தேன்ப்ளோ காட்டுக்கும், ஓவியர் வான்கோ 1890இல் இறந்து அடக்கமான ஓவேர்-சுர்-வாஸ் சிற்றூருக்கும் போய்வரலாம். அவர் வரைந்த அவ்வூர்த் தேவாலயத்தின் ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 18 முதல் 25 வயதினருக்குக் குடியுரிமை எதுவானாலும் அங்கும் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் நுழைவு இலவசம் என்பதால், நீண்டகால விசாவையோ வதிவிட அட்டையையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஓர்சேக்குத் திங்களும் லூவ்ருக்குச் செவ்வாயும் விடுமுறை.

கேள்வி: ஆகஸ்டில் மதுரையிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். அப்போது பாரிஸே மூடிக் கிடக்கும் என்கிறார்களே?
– வாசகி, பாரிஸ் புறநகர்

பதில்: தெருமுனைக் கடைகளும் சிறு உணவகங்களும் பல வாரங்கள் அடைத்திருக்கும், பெரிய அருங்காட்சியகங்களும் பூங்காக்களும் வழக்கம்போல் இயங்கும். மருத்துவர்களும் விடுமுறையில் போய்விடுவதால், பெற்றோருக்கு வேண்டிய மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். திரும்பும் தேதியை மாத இறுதிக்குத் தள்ள முடியுமானால், பாரிஸின் லாச்சப்பல் பகுதியிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழா எந்த ஞாயிறு என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்; அது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வரும்.