லிஸ்ட் விலைக்கு மேல் 3 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: வக்கீல் சார், நான் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். பல வருட ஆசையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் புக் செய்திருக்கிறேன். பெட்ரோல் வண்டி, எக்ஸ்-ஷோரூம் விலை 34 லட்சம். புக்கிங்குக்கு 50,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். இப்போது, ‘இந்த மாடலில் வந்ததே கொஞ்சம் வண்டிதான், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டுமென்றால் 3 லட்சம் கூடுதல்’ என்கிறார்கள். அதில் 1,20,000 ஆக்சசரீஸுக்கு, அது கட்டாயமாம். மீதி 1,80,000 ரொக்கம், பில் கிடையாது. கொடுத்து வண்டியை எடுத்துவிட்டு, பிறகு கேஸ் போட்டுத் திரும்ப வாங்க முடியுமா? கடை பெயரில் வாங்கினால் லாபமா?

பதில்: கொடுக்காதீர்கள். குறிப்பாக அந்த 1,80,000 ரூபாயை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். லிஸ்ட் விலைக்கு மேல் கேட்டாலே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எம்ஆர்பி சட்டம் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளுக்குத்தான். கார் அதில் வராது. ஒரு டீலர் வெளிப்படையாக, பில் போட்டு, ‘என் விலை 37 லட்சம்’ என்று சொல்லி, நீங்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், அது இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விலை. பிறகு கோர்ட்டில் போய் அதிகம் என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(6), ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வசூலித்தால் புகார் செய்யலாம் என்கிறது. அதனால் உங்கள் கேஸின் உயிர் அந்த புக்கிங் படிவத்தில் இருக்கிறது. அதில் 34 லட்சம் என்று விலை எழுதியிருக்கிறதா, பாருங்கள். ‘டெலிவரி நாளின் விலையே பொருந்தும்’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டி உங்களை மிரட்டுவார்கள். கம்பெனி விலையை ஏற்றினால் அந்த வரி பொருந்தும். டீலர் தனக்கென்று வைக்கும் தொகைக்கு அது இடம் கொடுக்கிறது என்று நான் ஏற்கமாட்டேன், கோர்ட்டிலும் அப்படித்தான் வாதாடுவேன்.

ஆக்சசரீஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது, பிரிவு 2(41)-இன்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்கச் சொன்னால் மறுக்கலாம், கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. ஆனால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்தால் சண்டை போடாதீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது சட்டப்படி பிடிக்க வேண்டியது, உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இனி ரொக்கத்துக்கு வருவோம். 1,80,000 என்ற தொகையைக் கவனியுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே இருக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கட்டிய 50,000 ரொக்கமும் இதே வண்டிக்குத்தான். கூட்டினால் 2,30,000. மீறினால் ரொக்கத்தை வாங்கிய டீலருக்கு, அந்தத் தொகைக்குச் சமமான அபராதம். இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

‘பில்லில் போட்டால் வரி கூடும் சார்’ என்று சொல்வார்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து இந்த அளவு பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 20 சதவீதம். அந்த வரியை ஏய்க்கும் பணத்தில் நீங்களும் ஏன் பங்காளி ஆக வேண்டும்? தவிர, வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ இன்சூரன்ஸ் கணக்கிடுவது தயாரிப்பாளரின் லிஸ்ட் விலையை வைத்து. இன்வாய்ஸ் தொகை முழுதும் தரும் கூடுதல் பாலிசி எடுத்தாலும் இன்வாய்ஸில் உள்ளதுதான் கிடைக்கும். பில் இல்லாத 1,80,000 வண்டி ஷோரூமை விட்டு இறங்கும்போதே போய்விடும். ரசீது இல்லாமல் அதைத் திரும்ப வாங்கித் தர என்னாலும் முடியாது.

சரி, என்ன செய்வது? இன்றைக்கே டீலருக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் நகல் போடுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, ஆயுள் வரி, இன்சூரன்ஸ், டிசிஎஸ் என்று தனித்தனியாகக் காட்டி ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனைக்கு முன் தரும் விலை விவரச் சீட்டு) கேளுங்கள். உங்கள் ஆர்டர் எண்ணையும் டெலிவரி தேதியையும் எழுத்தில் கேளுங்கள். கூடுதல் தொகை எதற்கு என்றும் கேளுங்கள். நேர்மையான தொகை என்றால் எழுதித் தருவார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பக்கத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது, களியக்காவிளை தாண்டினால் போதும். அங்கே அதே வண்டி லிஸ்ட் விலைக்குக் கிடைத்தால் தற்காலிகப் பதிவில் ஓட்டி வந்து, இங்கே ஆயுள் வரி கட்டி, மார்த்தாண்டம் ஆர்டிஓவில் டிஎன் 75 பதிவு வாங்கலாம். ஆனால், யாரோ புரோக்கர் தன் பெயரில் பதிவு செய்து ‘ஓடாத வண்டி’ என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். ஆர்சியில் நீங்கள் இரண்டாம் உரிமையாளர், விற்கும்போது விலை இறங்கும்.

கடை பெயரில் வாங்குவதில் ஜிஎஸ்டி லாபம் கிடையாது, இத்தகைய காருக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிப்பது) கிடைக்காது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். ‘வியாபாரத்துக்கு வாங்கினார், இவர் நுகர்வோரே இல்லை’ என்ற வாதத்துக்கு இடம் இருக்காது.

ஏதோ ஒரு கட்டாயத்தில் ஆக்சசரீஸ் பணத்தைக் கட்டும்படி ஆனால், வங்கி வழியாகக் கட்டி, பில்லில் ‘எதிர்ப்புடன் செலுத்தியது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே வரும். 20 முதல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். வண்டியைத் திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புக்கிங்கை ரத்து செய்வதென்றால் அதையும் எழுத்தில் செய்யுங்கள். 50,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், பணம் வந்து சேரும்வரை அசல் ரசீதைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.