கணவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை தருவார்களா? வலி எப்படி இருக்கும்?

நாள் தள்ளியிருக்கிறது, கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறு வாரம், இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

என் சித்தி மகள் அப்படித்தான் போட்டாள். அவளுக்குக் கரு தங்கியிருந்தது கர்ப்பப்பையில் இல்லை, கருக்குழாயில். இந்த மாத்திரைகள் கர்ப்பப்பைக்குள் இருக்கும் கருவைத்தான் வெளியேற்றும், குழாயில் இருப்பதை ஒன்றும் செய்யாது. ரத்தம் பட்டது, வயிறு வலித்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நம்பிப் படுத்தே கிடந்தாள். நான்காம் நாள் தோள்பட்டை வலி, மயக்கம். குழாய் வெடித்திருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஒரு குழாய் போய்விட்டது. முன்னாலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் 2019-ல், பெரியவனுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது, ஏழாவது வாரத்தில் எடுத்துக்கொண்டேன். டாக்டர் ஸ்கேன் பார்த்தார், ஹீமோகுளோபினும் ரத்த வகையும் பார்த்தார். முதல் மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். அன்று எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஒன்றரை நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இரண்டு மணி நேரத்தில் குளிர் நடுக்கம், பிறகு வலி. மாதவிலக்கு வலி போல என்று சொல்வார்கள். எனக்கு அதைவிட அதிகம், பிரசவ வலியைவிடக் குறைவு. கட்டிகட்டியாகப் போனது. மூன்று நான்கு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், டாக்டர் கொடுத்திருந்த வலி மாத்திரை உதவியது. அம்மா பக்கத்தில் இருந்தார், குழந்தையை அவர்தான் பார்த்துக்கொண்டார். உங்களுக்கும் அன்று ஒருவர் கூட இருக்கட்டும். லேசான உதிரப்போக்கு பன்னிரண்டு நாள் இருந்தது.

கையெழுத்து விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முதலில் போன கிளினிக்கில் கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். அவர் துபாயில் இருந்தார். இரண்டு நாள் வீணாயிற்று. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டம்தான். ஒரு இடத்தில் மறுத்தால் வாதாடி நாளைக் கடத்தாதீர்கள், வேறு டாக்டரிடம் போங்கள். இந்தியாவில் இந்த மாத்திரைக்குக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி ஒன்பது வாரம் வரைதான் அனுமதி.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால், மாத்திரை போட்டும் ரத்தமே படாவிட்டால், அப்போதும்தான்.

பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. முறையாக எடுத்துக்கொண்டால் இதனால் மலட்டுத்தன்மை வராது. எனக்கு 2022-ல் மகள் பிறந்தாள். அடுத்த மாதவிலக்குக்கு முன்பே மறுபடி கரு தங்கலாம், அதனால் காப்பர் டி பற்றி அப்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பதினைந்தாம் நாள் செக்கப்பை மட்டும் விடாதீர்கள். சிலருக்குக் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும், அதைச் சுத்தம் செய்ய வேண்டிவரும். வீட்டில் கர்ப்பப் பரிசோதனை கார்டில் பார்த்தால் சில வாரம் இரண்டு கோடு காட்டிக்கொண்டேதான் இருக்கும். நான் அதைப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன், மறுநாள் ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது.