நிராமயாவின் ஒரு லட்சம் எதற்குப் போதும், எதற்குப் போதாது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ளவன். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 75 சதவீதம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். நான் தனியார் நூற்பாலையில் மாதம் 45,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். ஆலையின் குழுக் காப்பீட்டில் குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் உண்டு. பிசியோதெரபிக்கும் ஸ்பீச் தெரபிக்கும் மாதம் 6,000 ரூபாய் கைக்காசு போகிறது. வருமானம் அதிகம் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியவில்லை. நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். அதில் சேர்ந்தால் போதுமா, தனியாகவும் பாலிசி எடுக்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நிராமயாவில் தயங்காமல் சேருங்கள். ஆனால் அதை மருத்துவமனைச் செலவுக்கான காப்பீடாகக் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் இத்திட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கு மட்டுமே உரியது. பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ள ஒருவர் இதில் சேர முடியாது என்பது பலருக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது. வறுமைக்கோட்டுக்கு மேலுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய், ஆண்டுப் புதுப்பிப்பு 250 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு முறையே 250, 50 ரூபாய். வயது எதுவானாலும் கட்டணம் ஒன்றே. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. வேறு எந்தப் பாலிசியும் இந்த விலையில் உங்கள் மகனை ஏற்காது.

ஆனால் அந்த ஒரு லட்சம் ஒரே தொகையாக உங்கள் கைக்கு வருவதில்லை. அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் தங்குதல், வெளிநோயாளி சிகிச்சை, தெரபி, மாற்று மருத்துவம், போக்குவரத்து என்று தலைப்புவாரியாகத் தனித்தனி உச்சவரம்புகள் உண்டு. தெரபிக்கு நீங்கள் ஆண்டுக்கு 72,000 ரூபாய் செலவிடுகிறீர்கள். அத்தலைப்பில் கிடைப்பது அதில் பாதியைக்கூட எட்டாது. ஆயினும் சாதாரண மருத்துவக் காப்பீடு எதுவும் பொதுவாகத் தொடாத செலவு இது என்பதால், கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் லாபமே.

பணம் முழுவதும் திருப்பிப் பெறும் முறையில்தான் வரும். முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுகின்றன. தெரபிஸ்ட் அரைத்தாளில் "ரூ. 400 பெற்றேன்" என்று எழுதித் தரும் சீட்டை வைத்துக்கொண்டு எதையும் பெற முடியாது. தெரபி தேவை என்ற மருத்துவரின் பரிந்துரை, நிலையத்தின் பெயர் அச்சிட்ட தாள், தேதிவாரியாக அமர்வுகளின் எண்ணிக்கை, கையொப்பம், முத்திரை ஆகிய அனைத்தும் இருக்கும்படி மாதந்தோறும் ரசீது கேட்டு வாங்குங்கள். சிறு நிலையங்கள் முகம் சுளிக்கலாம், விட்டுக்கொடுக்காதீர்கள். அசல் ரசீதுகளை அனுப்புமுன் நகல் எடுத்துக்கொண்டு, சிகிச்சை முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே ரசீதுக்குக் குழுக் காப்பீட்டிலும் நிராமயாவிலும் பணம் பெற முடியாது. ஆகவே மருத்துவமனைச் செலவுகளுக்குக் குழுக் காப்பீடு, தெரபிக்கும் வெளிநோயாளிச் செலவுகளுக்கும் நிராமயா என்று இப்போதே பிரித்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு உண்மையான ஆபத்து மருத்துவமனைப் பக்கம் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் வளரும் பருவத்தில் தசை இறுக்கத்துக்காகவோ இடுப்பு மூட்டு விலகுவதாலோ அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேரிடலாம். தனியார் மருத்துவமனையில் அதற்கான செலவு நிராமயாவின் வரம்பை எளிதில் தாண்டிவிடும். உங்கள் குழுக் காப்பீடு அதை ஏற்குமா என்று மனிதவளத் துறையிடம் வாய்மொழியாகக் கேட்டால் "எல்லாம் கவர் ஆகும்" என்றுதான் சொல்வார்கள். பாலிசி ஆவணத்தையே வாங்கி, விலக்குகள் பகுதியில் பிறவிக் குறைபாடுகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேலை போனால் அந்த மூன்று லட்சமும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே தனிப் பாலிசி அவசியம் என்பது என் கருத்து. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன் மாதிரித் திட்டத்தில் காப்பீட்டுத் தொகை நான்கு அல்லது ஐந்து லட்சம். முகவர்கள் இதைத் தாங்களாக எடுத்துச் சொல்வது அரிது. நீங்கள்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அது முடியும்வரை அவற்றுக்குப் பணம் கிடைக்காது என்பதால், அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசத் தொடங்குமுன் பாலிசி நடப்பில் இருப்பது முக்கியம். மகனின் நிலையை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் அதைக் காட்டியே மறுப்பார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால் பிரீமியச் சுமை சற்றுக் குறைந்திருக்கிறது.

முதலமைச்சர் திட்டத்தைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்போருக்கே அது உரியது. வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை அண்டவிடாதீர்கள். மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராகக் கொண்டோருக்கு 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய் என்ற வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையிலேயே வரி வராது என்பதால், அதற்காக முறையை மாற்ற வேண்டியதில்லை.

நிராமயாவில் சேர, மாற்றுத்திறனாளி சான்றிதழ் அல்லது யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றுடன், தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றை உங்கள் மாவட்டத்தில் அணுகுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எந்த மாதம் சேர்ந்தாலும் அட்டை மார்ச் 31 வரைதான் செல்லும். பிப்ரவரியில் சேர்ந்தால் இரண்டு மாதத்துக்குள் மீண்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நிதியாண்டின் தொடக்கத்திலேயே சேர்ந்தால் அதே 500 ரூபாய்க்கு ஏறக்குறைய முழு ஆண்டும் கிடைக்கும்.