மாட்டுக் கருமுட்டைகள் ஏழாம் நாளைத் தாண்டாததற்குக் காரணம் ஊடகமா, முட்டையா?

ஆய்வுகூடத்தில் மாட்டு முட்டையை விந்தோடு சேர்த்துக் கருவாக வளர்க்கிறீர்கள். கரு வளரும் சத்துத் திரவமான வளர்ப்பு ஊடகத்தை மூன்று தடவை மாற்றியும் 100 முட்டையில் 10 கூட பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு, அதாவது ஏழாம் நாளளவில் கரு உள்ளே திரவம் நிறைந்த பந்துபோல் ஆகும் நிலைக்கு, வரவில்லை, அடுத்ததாக எந்த ஊடகத்தை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் மாடு அறுக்கும் மடுவத்தில் சூலகம் (முட்டைப்பை) எடுத்து வேலை செய்கிறவர் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கை சரியில்லை என்று யாரோ சொல்லியும் இருப்பார்கள். எனக்கும் கொழும்பில் எம்ஃபில் செய்த காலத்தில் எட்டு மாதம் அதைத்தான் சொன்னார்கள்.

இன்னொரு ஊடகம் வாங்க வேண்டாம். முதலில் முட்டையைப் பாருங்கள். நன்றாக நடக்கும் ஆய்வுகூடங்களிலேயே 100 முட்டைக்கு 30, 40 தான் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். எத்தனை தேறும் என்பதைப் பெரும்பாலும் முட்டைதான் தீர்மானிக்கிறது. தேறிய கருவின் தரத்தில், உறையவைத்து உருக்கினால் அது தாங்குமா என்பதில்தான் ஊடகத்தின் கை அதிகம்.

ஏனென்று சொல்கிறேன். முட்டையால் குளுக்கோசை நேரடியாக அவ்வளவாகப் பயன்படுத்த முடியாது. சுற்றி ஒட்டியிருக்கும் கியூமுலஸ் கலங்கள்தான் அதை உடைத்துப் பைருவேற்று என்ற எரிபொருளாக்கி உள்ளே கொடுக்கின்றன. முட்டைக்குள் இருக்கும் இழைமணிகள் (மைற்றோகொண்ட்ரியா) அதை எரித்து, கலத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏடிபி ஆக்குகின்றன. கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆகும்வரை இந்த இழைமணிகள் பெருகுவதில்லை. கருவின் சொந்த மரபணுக்கள் முழுதாக வேலை தொடங்குவதும் மாட்டில் 8 முதல் 16 கல நிலையில்தான். அதுவரை தாய் வைத்ததை வைத்துத்தான் சீவியம். ஊடகத்தில் நீங்கள் விறகு கொண்டுவந்து குவிக்கலாம், அடுப்பு முட்டையோடுதான் வர வேண்டும்.

இது எனக்கு விளங்கியது புத்தகத்தில் இல்லை. தெமட்டகொடப் பக்கத்து மடுவத்தில் இருந்து விடியற்காலை சூலகங்களை வெதுவெதுப்பான உப்புநீர் பிளாஸ்கில் போட்டு, பொரளை வழியாக ஓட்டோவில் கொண்டுவருவேன். எல்லா மாட்டினதும் ஒரே பிளாஸ்க்தான். ஒருநாள் அங்கே வேலை செய்த நானாவிடம், மெலிந்த மாட்டையும் கொழுத்த மாட்டையும் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அடுத்த முறை போனபோது இரண்டு பைகள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. "இது நல்லாத் திண்ட மாடு மிஸ், வேறாக் கட்டிட்டன்" என்றார். அந்த நூலை இன்னும் என் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நுணுக்குக்காட்டியின் கீழேயே வித்தியாசம் தெரிந்தது. நூல் கட்டிய பையில் இருந்து வந்த முட்டைகளைச் சுற்றிக் கியூமுலஸ் கலங்கள் நாலைந்து அடுக்காக நெருக்கமாக இருந்தன, உள்ளே ஒரே சீரான மண்ணிறம். மற்றதில் பல முட்டைகள் அரைகுறையாக உரிந்து, உள்ளே திட்டுத்திட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் 40 முட்டைகள், ஒரே ஊடகம், ஒரே இன்கியூபேட்டர், ஒரே விந்து, ஒரே கை. ஏழாம் நாள் நூல் கட்டிய பையில் இருந்து 13 பிளாஸ்டோசிஸ்ட், மற்றதில் 4.

ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு சொல்லலாமா என்று சிலர் வருவார்கள். இதை நான் ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதை எனக்குக் காட்டிய நாள் என்றுதான் சொல்கிறேன். மெலிந்த மாட்டு முட்டை எல்லாம் வீண் என்றும் சொல்லவில்லை, அளவுக்கு மீறிக் கொழுத்த மாட்டிலும் சிக்கல் உண்டு. ஆனால் காரணம் தெரிந்த விஷயம்தான். தீனி போதாத மாடு, கன்று போட்ட கையோடு பால் கொட்டும் மாடு, இரண்டும் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் சமாளிக்கின்றன. அந்தக் கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் ஏறி, சூலகத்துக்குள் முட்டை மிதக்கும் புடைப்புத் திரவத்துக்குள்ளும் வருகின்றன. அங்கே குளுக்கோசு குறைகிறது, கொழுப்பமிலம் கூடுகிறது, இழைமணிகள் அடிபடுகின்றன. ஒரு முட்டை வளர்ந்து முடிய மாதக்கணக்கு ஆவதால், மாடு பட்டினி கிடந்தது இரண்டு மாதத்துக்கு முன்பென்றாலும் இன்றைய முட்டையில் அது இருக்கும். விந்து சேர்க்குமுன் முட்டையை முதிரவைக்கும் ஊடகத்தில் கார்னிட்டின் சேர்க்கலாமே என்பீர்கள். சேர்க்கலாம், கொழுப்பமிலத்தை இழைமணிக்குள் எடுத்துப்போக அது வேண்டும். பழுதான இழைமணியை அது புதிதாக்காது.

மடுவத்துக்குப் போனதால் எனக்கு அறை போனதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் நான் இருந்த வீட்டு அன்ரி, "பிள்ளை, அங்க போட்டு வந்து எங்கட சாமியறையைக் கடந்து போறது சரியில்லை" என்று மாதக் கடைசியில் எழும்பச் சொன்னார். அவருடைய நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே இரவு எட்டரைக்குக் கேற் பூட்டு. ஆய்வுகூடத்தில் பிந்தினால் வெளியே நின்று கோல் எடுத்துக் கெஞ்ச வேண்டும். அதே வீட்டு மேல்மாடியில் இருந்த பொடியன்களுக்குத் திறப்புக் கொடுத்திருந்தார்கள். வாடகை எல்லோருக்கும் ஒன்றுதான். கொழும்பில் தனியாகப் படிக்க வரும் பெண்பிள்ளைகளுக்கு இது இன்றைக்கும் நடக்கிறது, நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். பிறிலியன்ட் கிறெசைல் நீலச் சாயம் கிடைத்தால் ஒரு தொகுதி முட்டையை அதில் ஒன்றரை மணிநேரம் வைத்துப் பாருங்கள். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையின் நொதியம் சாயத்தை நிறமற்றதாக்கிவிடும், வளர்ந்து முடிந்தது நீலமாகவே நிற்கும். நீலத்தை மட்டும் எடுத்து இப்போதிருக்கும் ஊடகத்திலேயே வளருங்கள். சாயம் கிடைக்காவிட்டால் அடுத்த முறை மடுவத்துக்கு ஒரு கொப்பியும் நூலும் கொண்டுபோய், எந்த மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது என்று அங்கே நிற்பவரிடம் கேட்டு எழுதி, பைகளைப் பிரித்துக் கட்டுங்கள்.